சொல்லாமல் வந்து பார்க்கிறவர்

பேச்சிப்பாறை,
ஜூன் கடைசி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபத்தோடு எழுத உட்கார்ந்திருக்கிறாய் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. கனடாவில் நீ உன் வீட்டிலேயே நடத்துகிற பிள்ளைக் காப்பகத்தைச் சோதிக்க ஏஜென்சியிலிருந்து வந்த அம்மா, ஃபிரிட்ஜ் மேல் இருந்த இருமல் மருந்தைப் பார்த்துவிட்டு, 'மருந்து பூட்டி வைக்கப்படவில்லை' என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனதை நீ சொல்லியிருக்கிற விதத்தில், அந்த அடுக்களையில் நானும் கூட நின்ற மாதிரி இருந்தது. இத்தனை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கைக்கு இந்த மரியாதைதானா என்று கேட்டிருக்கிறாய். உன் மனசு புரிகிறது. ஆனாலும் பிள்ளே, இந்த விஷயத்தில் நான் அந்த அம்மா பக்கம்தான். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் அங்கன்வாடியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுத் திண்ணை எப்படி மாறிப்போனது என்று உனக்குத் தெரியும். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. மேலத்தெருவில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒருத்தி, விடியும் முன்னே தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, 'அக்கா, ஒரு வாரத்துக்கு மட்டும்' என்றாள். அப்புறம் அண்டி ஆபீசுக்கு, அதுதான் முந்திரி ஆலைக்கு, போகிற இரண்டு பேர். இப்போது ஐந்து பிள்ளைகள், அதில் இரண்டு இன்னும் நடை பழகவில்லை. அவர்களால் ஆனதைத் தருகிறார்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.

அங்கன்வாடிக்கு அனுப்பலாமே என்று கேட்பாய். அங்கே வந்து உட்காருவது இரண்டு வயதுக்கு மேலே உள்ள பிள்ளைகள்தான். அதற்குக் கீழே உள்ளதற்குச் சத்துமாவுப் பொட்டலம் உண்டு, உட்கார இடம் கிடையாது. ரப்பர் வெட்டுக்குப் போகிறவள் இருட்டில் கிளம்பியாக வேண்டும், அங்கன்வாடியோ வெயில் வந்த பிறகுதான் திறக்கும். சட்டத்தில் காப்பகம் இல்லாமலும் இல்லை. 50 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது 50 பேர் வேலை செய்யும் இடங்களுக்குக் காப்பகம் கட்டாயம் ஆனது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை பார்த்துக்கொள்ள அங்கன்வாடியோடு சேர்த்துக் காப்பகம் நடத்தும் பால்னா திட்டமும் இருக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் எங்கள் தெருவில் பிள்ளைகள் இருப்பது ஆலையிலும் இல்லை, மையத்திலும் இல்லை. என்னைப் போல ஒருத்தியின் வீட்டில்தான் இருக்கின்றன. அந்த வீட்டுக்குள் வந்து இது பிள்ளைக்குத் தகுந்த இடமா என்று பார்க்கிற வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. கிராமச் சுகாதாரச் செவிலியர் புதன்கிழமை தடுப்பூசிக்கு அழைக்க வரும்போது வாசலில் நின்று தலைகளை எண்ணிவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

உன் வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒருவர் சொல்லாமல் வந்து பார்க்கிறார் என்று படித்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆறு பிள்ளைக்கு மேல் கூடாது, அதிலும் இரண்டு வயதுக்குக் கீழே மூன்று பேருக்கு மேல் கூடாது என்று உனக்கு ஓர் எல்லை இருக்கிறது. 'இனிமேல் இடமில்லை, சட்டம் விடாது' என்று நீ சொல்லிவிடலாம். ஆறாவதாக ஒருத்தி அழுதுகொண்டு வாசலில் நின்றால் நான் எதைச் சொல்லி அனுப்புவேன்? தீப்பிடித்தால், பாம்பு வந்தால், இரண்டு கையில் நடக்காத பிள்ளைகள் எத்தனையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்று கணக்குப் பார்த்துத்தானே அந்த எண்ணைப் போட்டிருப்பார்கள்? அதை நானே சொன்னால் கல்நெஞ்சக்காரி என்பார்கள். உனக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறது.

அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று நீதான் ஒருமுறை போனில் சொன்னாய். 2013 ஜூலையில் டொராண்டோ பக்கத்தில் உரிமமில்லாத ஒரு வீட்டில் அளவுக்கு மீறிப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வெயிலில் நின்ற காருக்குள் கிடந்து செத்துப்போனது, அடுத்த வருடமே உன் ஒன்டாரியோ மாகாணத்தில் புதுச் சட்டம் வந்தது. நமக்குக் கும்பகோணம். 2004 ஜூலை 16. பள்ளிக்கூடத்துத் தீயில் தொண்ணூற்று நான்கு பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரையெல்லாம் இறங்கியது. அன்றைக்கு டிவி முன்னால் நாம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோமே. ஒருவர் முன்கூட்டியே வந்து அந்தக் கூரையைப் பார்த்து ஒரு வரி எழுதி, அந்த வரியை யாராவது மதித்திருந்தால் என்று எனக்கு இப்போதும் தோன்றும். ஃபிரிட்ஜ் மேல் இருந்த மருந்தைப் பற்றி எழுதிய அந்த அம்மா செய்ததும் அந்த வேலைதான்.

போன மாதம் நடந்ததைக் கேள். பால்வெட்டு முடிந்து நேரே பிள்ளையைப் பார்க்க வந்தவள், கொண்டுவந்த துணிப்பையைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கால் கழுவப் பின்பக்கம் போனாள். பையில் பிள்ளைக்கு வாங்கிய பன், துண்டு, ஒரு பழைய கூல்ட்ரிங்ஸ் பாட்டில். பாட்டிலில் கால்வாசிக்குப் பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக ஏதோ இருந்தது. மூடி சரியாகத் திருகவில்லை. கையில் எடுத்ததுமே மூக்கில் ஏறியது. ரப்பர் ஷீட் அடிக்கப் பாலை உறைய வைக்கிற ஆசிட். பக்கத்து வீட்டில் கடனாக வாங்கி வந்திருக்கிறாள். அவளுடைய பிள்ளைக்கு ஒன்றரை வயது, பாட்டிலைக் கண்டால் வாயில் வைக்கிற வயது. நான் பாட்டிலைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, அவள் வந்ததும் உட்காரவைத்துச் சொன்னேன். ஃபார்மிக் ஆசிட் உள்ளே போனால் தொண்டையும் குடலும் வெந்துபோகும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது நம் ஊர் வழக்கம், ஆனால் இதற்கு வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, போன வழியே திரும்பி வரும்போது இன்னொரு தடவை வேகும். வாயைக் கழுவிவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும், பாட்டிலையும் கையோடு கொண்டு போக வேண்டும். அவள் அழுதாள். அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ரப்பர் உள்ள வீடுகள் பலவற்றில் ஆசிட் இருப்பது இப்படிப்பட்ட பாட்டிலில்தான். இப்போது என் வீட்டுத் திண்ணையில் ஆளுயரத்தில் ஓர் ஆணி அடித்திருக்கிறேன். யார் பை கொண்டு வந்தாலும் அதில்தான் தொங்கும்.

உன் ஊர் விதிப் புத்தகத்தில் ரப்பர் ஆசிட் இருக்காது. எங்கள் விதியை எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். தொட்டிலை எடுத்துக்கொள். அங்கே கைக்குழந்தையைத் தட்டையான கட்டிலில், தலையணை போர்வை எதுவும் இல்லாமல், மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். சரியான பேச்சு. அமெரிக்காவில் 1994-ல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் தொடங்கிய பிறகு தூக்கத்திலேயே பிள்ளைகள் இறந்துபோவது பாதியாகக் குறைந்தது. இங்கே சேலைத் தொட்டில் இல்லாமல் எந்தப் பிள்ளையும் தூங்காது. தொட்டிலே கூடாது என்று நான் சொன்னால் அடுத்த நாள் ஒருத்தியும் வரமாட்டாள். ஆனால் ஆபத்து கைக்குழந்தைக்கு மட்டும் இல்லை. சும்மா தொங்குகிற தொட்டிலில் பெரிய பிள்ளைகள் ஏறி ஆடி, சுற்றிச் சுற்றி முறுக்கி, சேலை கழுத்தை இறுக்கிச் செத்த செய்தி நம் மாநிலத்தில் எத்தனை முறை வந்திருக்கிறது! அதனால் என் வீட்டில் குழந்தை எழுந்த நிமிடமே தொட்டிலைச் சுருட்டி உத்தரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவேன். தூங்கும்போது உள்ளே கம்பு போட்டு விரித்து, முகம் தெரிகிற மாதிரி இருக்கும். நடக்கத் தெரிந்தவர்களுக்குப் பாய்தான்.

பல் முளைக்கிற பிள்ளைகளுக்கு அயனிச்சக்கைக் கொட்டையும் (காட்டுப்பலா) புளியங்கொட்டையும் எமன், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சீசனில் ஒரு நாளைக்கு நாலு தடவை திண்ணையைக் கூட்டுகிறேன்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தண்ணீர்தான். உனக்கு நினைவிருக்கும், ஜூனில் அணை திறந்தால் சானலில், பாசனக் கால்வாயில், தண்ணீர் கரை தொட்டு ஓடும். இடவப்பாதி மழையும், அதாவது தென்மேற்குப் பருவமழையும், சேர்ந்தால் வீட்டுப் பின்னால் ஒவ்வொரு குழியும் குளம். சின்னப் பிள்ளை மூழ்கச் சானல் வேண்டாம், அரை வாளி போதும், சத்தமும் கேட்காது. வங்கதேசத்துக் கிராமங்களில் ஆஞ்சல் என்று காப்பகங்கள் நடத்துகிறார்களாம். ஊர்க்காரப் பெண் ஒருத்தி தன் வீட்டிலேயே காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அம்மாமார் சமையலிலும் வயலிலும் கிடக்கிற அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் அதிகமாகக் குளத்தில் விழுந்துகொண்டிருந்தன. காப்பகம் வந்த ஊர்களில் சாவு வெகுவாகக் குறைந்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2014-ல் மூழ்கிச் சாவதைப் பற்றி வெளியிட்ட அறிக்கையிலும் பிள்ளைகளைத் தண்ணீருக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதை முக்கியமான வழியாகச் சொல்லியிருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து நான் செய்வது பெரிய வேலை என்ற எண்ணம் எனக்கு வந்திருக்கிறது. கிணற்றுக்குக் கம்பி வலை போட்டாயிற்று. வாளிகளைக் கவிழ்த்தே வைக்கிறேன். பின்வாசலுக்கு இடுப்பளவு மரக் கதவு. சானல் பக்கம் வேலிதான் இன்னும் பாக்கி, அதற்கு என் கையில் காசு இல்லை.

காய்ச்சல் விஷயத்தில் நீ எழுதியதைப் படித்து ஆச்சரியப்பட்டேன். அங்கேயும் தாய்மார் காலையில் பாரசிட்டமால் கொடுத்து, உடம்பு குளிர்ந்ததும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்களா! நான் இங்கே உள்ளவர்கள் மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்தேன். போன மழைக்குத் தக்காளிக் காய்ச்சல் வந்தபோது ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் கொப்புளம் பார்த்தேன். இரண்டே நாளில் இன்னும் இரண்டு பேருக்கு. காய்ச்சல் பிள்ளையைத் தனியாக வைத்துப் பெற்றோரைக் கூப்பிட வேண்டும் என்ற உன் ஊர் விதி சரியானதுதான். ஆனால் அண்டி ஆபீசில் உடைத்த கிலோவுக்குத்தான் கூலி. கூப்பிட்டால் அவளுக்கு அன்றைய அடுப்பு எரியாது. பிள்ளைக்குச் சுகமில்லாத நாளில் தாய்க்கு அரை நாள் கூலியாவது கிடைக்க வழி இல்லாதவரை எந்த நாட்டிலும் இந்த விதியைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். இதை அந்த ஏஜென்சி அம்மாவிடமும் சொல்லு. அவர் மேலே எழுதக்கூடியவர் என்றால் எழுதட்டும்.

என் ஆசை இதுதான். ஒருவர் வர வேண்டும். பூட்டுப் போட இல்லை, பார்க்க. இந்தக் கதவு சரி, அந்த ஸ்விட்ச் தாழ்வாக இருக்கிறது, இந்த வீட்டுக்கு ஐந்து பேர் போதும் என்று சொல்லி எழுதிக் கொடுத்து, வேலிக்கும் முதலுதவிப் பயிற்சிக்கும் அரசு காசில் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். பயந்து ஒளிந்துகொள்கிற மாதிரி விதி வந்தால் பிள்ளைகள் இன்னும் இருட்டான வீடுகளுக்குத்தான் போவார்கள். ஐந்து உயிரைத் தனியாகக் காவல் காக்கிறவளுக்குத் தன் கண்ணுக்குப் பழகிப்போனதைக் காண இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். நீ அந்த அம்மாவை அப்படி நினைத்துப் பார். அடுத்த முறை வரும்போது காப்பி கொடு, கேள்வி கேள். ஃபிரிட்ஜ் மருந்துக்கு ஒரு பூட்டுப் பெட்டி வாங்கியாயிற்றா?

வீட்டில் எல்லோரும் சுகம். மகளுக்கு நாகர்கோவிலில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. நல்லமிளகு இந்த முறை கொஞ்சம்தான், உனக்கு என்று ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறேன். உன் அண்ணன் ஓணத்துக்கு முன்னே அங்கே வருகிறார் என்றால் சொல், சக்கை வற்றலோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்புறம் ஓர் உதவி. அந்த அம்மா டிக் போடுகிற படிவம் முழுவதையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. எழுத்து தெளிவாக இருக்கட்டும், ஒரு பக்கமும் விடாதே. நம் ஊருக்குப் பொருந்துவதைத் தமிழில் எழுதி, ஆசிட்டையும் தொட்டிலையும் சானலையும் சேர்த்து, ஆகஸ்ட் 15 கிராமசபையில் மனுவாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பிள்ளைகளை விடுகிற அம்மாமார் எல்லோரும் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார்கள். ஜூலை நடுவுக்குள் கிடைத்தால் எழுதி முடிக்க நேரம் இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய தோழி