ரப்பர் பால் வெட்டித் தந்த தம்பிக்கும் உடன் நின்ற எல்லோருக்கும் நன்றி

பொங்கல் கிரிக்கெட் ஆட்டத்தன்று மைதானத்தில் இருந்த அனைவருக்கும், பேச்சிப்பாறைப் பக்கமிருந்து எங்களுடன் ஆட வந்த தம்பிமாருக்கும்,

அந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்த என் தம்பி நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டான். வந்ததும் கஞ்சியும் பயறும் கேட்டு வாங்கிக் குடித்தான். அம்மா இன்னும் அழுவதும் சிரிப்பதுமாக இருக்கிறார். அன்று நடந்ததை நான் மறுபடி எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கும் அன்று இரவுக்குள் தெரிந்துவிட்டது.

"யாரும் தூக்காதீர்கள், கழுத்து அசையக் கூடாது" என்று சத்தம் போட்டுத் தடுத்து, 108 வண்டி வரும்வரை அவன் தலையை இரு கைகளாலும் பிடித்திருந்த எதிரணி விக்கெட் கீப்பர், ஆசாரிபள்ளம் மருத்துவமனை வரை வண்டிக்குப் பின்னாலேயே பைக்கில் வந்து இரவெல்லாம் வராந்தாவில் கிடந்த பையன்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவர்கள், செவிலியர்கள், கோவிலில் விளக்கேற்றியவர்கள், குருசடியில் மெழுகுதிரி ஏற்றியவர்கள், அம்மாவைத் தனியே விடாத பக்கத்து வீட்டு அக்காமார் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதலாம். ஆனால் ஒருவர் செய்தது ஊரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அதை நான் சொல்லியாக வேண்டும்.

தம்பி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். குலசேகரத்துக்கு அருகே ஒரு விளையை, அதாவது ரப்பர் தோட்டத்தை, குத்தகைக்கு எடுத்து வெட்டுகிறான். மாசி பிறக்கும் முன்பே ரப்பர் இலை உதிரத் தொடங்கிவிடும். அதோடு வெட்டை நிறுத்த வேண்டும். தை மாதத்துப் பாலை விட்டால் மழைக்காலம் வரை கையில் காசு இல்லை. கண் விழித்துப் பேச வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, மரத்தை யார் பார்க்கிறார்கள்?" என்பதுதான். "பார்த்துக்கொள்ளலாம், நீ பேசாமல் படு" என்று சொன்னேன். பார்க்க ஆள் இல்லை.

மறுநாள் காலை வீட்டுக்குத் துணி எடுக்க வந்தபோது விளைக்குப் போனேன். பால் பிடிக்கும் சிரட்டைகளில் மழைத்தண்ணீரும் சருகும் கிடக்கும், கவிழ்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். முதல் மரத்திலேயே நின்றுவிட்டேன். பட்டையில் புது வெட்டு. பால் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. மேல் வரிசையில் தலைவிளக்கோடு குனிந்து நின்றவர், அன்று எதிரணிக்கு ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த தம்பி. மட்டையையோ பந்தையோ அன்று அவர் தொடவே இல்லை. ஆட்டத்துக்கு முன்பு இரண்டு பேரும் தொழிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். விளை எங்கே என்பது அப்படித்தான் தெரியுமாம்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானே அக்கா வெட்டு. என் மரம் ஓய்ந்து கிடக்கும் நாளில் இங்கே வருகிறேன்" என்றார்.

மரத்துக்குத்தான் அன்று ஓய்வு. விடியும் முன் எழுந்து வெட்டுகிற மனிதனுக்கும் உடம்பை நீட்டிப் படுக்க அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. அதை என் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரத்தில் காயம் பட்டு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. அதனால் கண்டவர் கையில் யாரும் மரத்தைக் கொடுப்பதில்லை. இவர் என் தம்பி இறக்கியிருந்த சரிவு மாறாமல், அந்தக் கோட்டைத் தொடர்ந்தே வெட்டியிருந்தார். நேற்று ஃபோனில் படம் பார்த்த தம்பி, "இது நான் வெட்டியது போலவே இருக்கிறது" என்று திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தான்.

பாலை எடுத்து, வடிகட்டி, ஆசிட் கலந்து உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப் போட்டதும் அவரே. கொட்டகைக் கதவில் கரித்துண்டால் கோடு போட்டு, நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது இழுத்து, எத்தனை ஷீட் என்று கணக்கு வைத்திருந்தார். அம்மா கூலி கொடுக்கப் போனார். வாங்கவில்லை. மட்டிப் பழக் குலையை நீட்டியபோது ஒரு சீப்பு மட்டும் எடுத்துக்கொண்டார்.

தம்பி, உங்கள் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதவில்லை. ஆனால் உங்கள் மரங்களுக்கு என்றைக்காவது கை தேவைப்பட்டால் எங்கள் வீட்டிலிருந்து ஆள் வரும். அதற்காகவே நானும் கத்தி பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன்.

இரண்டு அணிப் பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். இந்தியாவுக்கு ஆடிய ராமன் லம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் ஹெல்மெட் இல்லாமல் நின்றார். பந்து தலையில் பட்டது. எழுந்து மைதானத்தை விட்டு நடந்து போனவர், சில நாட்களில் இறந்துவிட்டார். வராந்தாவில் ஒரு பையன் இதைச் சொன்ன இரவு நான் தூங்கவில்லை. நட்பு ஆட்டம்தானே என்று இனி யாரும் வெறும் தலையோடு பக்கத்தில் நிற்காதீர்கள். தலையில் அடிபட்டால், எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு ஹெல்மெட் வாங்கும் செலவை எங்கள் குடும்பம் ஏற்கிறது.

ஆட்டம் பாதியில் நிற்கிறது. தம்பி ஆட இன்னும் நாள் ஆகும், ஸ்கோர் எழுத உட்காரலாம். நீங்கள் நாளைக் குறியுங்கள். அன்று மதியம் இரண்டு அணிக்கும் எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும்.