கேனரியும் யானை மணியும்

அடியே சுமதி,

மூன்று மாதமாக எழுதவில்லை, திட்டுவதைப் போனில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் பத்தாவது, படிப்பு நம்ம குண்டுபல்பு லட்சணம்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஒரு ஆங்கிலக் கட்டுரை மொழிபெயர்க்க வந்தது. கம்ப்யூட்டரே எல்லாம் எழுதுகிற காலத்தில் யார் பிழைப்பு முதலில் போகும் என்று. நடுவில் ஒரு வரி: மொழிபெயர்ப்பாளர்கள்தான் நிலக்கரிச் சுரங்கத்துக் கேனரிக் குருவியாம்! என் சாவு ஓலையை நானே தமிழில் எழுத வேண்டும், அதுவும் போன வருடத்துக் கூலியில் பாதிக்கு.

முதலில் ‘எச்சரிக்கை மணி’ என்று போட்டேன். சப்பென்று இருந்தது. யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பதை நுழைத்துப் பார்த்தேன், அதுவும் ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்று இரண்டு நாள் அந்தக் குருவி பின்னாலேயே அலைந்தேன், சோறு குழைந்ததுகூடத் தெரியாமல்.

1896ல் தெற்கு வேல்ஸில் டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்து 57 பேர் செத்தார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி போய் உடல்களைப் பார்த்துவிட்டு, முக்கால்வாசிப் பேரைக் கொன்றது வெடி இல்லை, அதற்குப் பின்னால் பரவிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு என்றார். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அதனால் கூடவே ஒரு சின்ன உயிரைக் கொண்டு போங்கள், நமக்கு முன்னால் அது மயங்கிவிடும் என்று யோசனை சொன்னார். எலியும் ஆகும், ஆனால் எலி சுருண்டு கிடந்தால் தூக்கமா மயக்கமா என்று யார் கண்டது? குருவி கம்பியில் தள்ளாடினால் பளிச்சென்று தெரியும், உடனே ஆட்கள் ஓடலாம். பிரிட்டனில் 1986ல்தான் வாயுவைக் காட்டும் கருவி வருகிறது என்று சொல்லி, கடைசி இருநூற்றுச் சொச்சம் குருவிகளுக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

இப்போது புரிகிறதா? யானை வந்தால் மணிக்கு என்ன கேடு? இந்தக் குருவி கத்தி எச்சரிப்பதில்லையடி, விழுகிறது. மேடைக்கு மேடை இதைச் சொல்கிறவர்கள் குருவியை மறந்துவிட்டு எச்சரிக்கையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் சுரங்கத்து ஆட்கள் மறக்கவில்லை. ஒரு கூண்டின் படம் பார்த்தேன், மான்செஸ்டரில் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்னால் வட்டக் கதவு, மேலே கைப்பிடி போல ஒரு குட்டி ஆக்சிஜன் சிலிண்டர். குருவி சாய்ந்ததும் கதவை அடைத்து வால்வைத் திறந்தால் பிழைத்துக்கொள்ளும். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ‘முதலில் மூச்சுத் திணறுவது மொழிபெயர்ப்பாளர்களுக்குத்தான்’ என்று எழுதி அனுப்பினேன். அவர்கள் அதை ‘எச்சரிக்கை மணி’ என்று மாற்றிப் போட்டுவிட்டார்கள், போ!

அப்புறம், உங்கள் ஸ்கூலில் தமிழுக்கு ஆள் வேண்டும் என்றாயே, அந்த இடம் இன்னும் காலியா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், எடு.

உன்,
மல்லிகா