பபிள்கம் பொட்டலத்தில் வந்த ஆட்டக்காரர்கள்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் நலமும் அம்மா, தம்பி நலமும் அறிய ஆவல். வேலை நன்றாகப் போகிறது, குளிரும் பழகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வாரம் கூப்பிட்டு, சின்ன வயதில் சேர்த்த பேஸ்பால் கார்டுகளைக் காட்டினார். அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்தவர், வயது எண்பதுக்கு மேல். அந்தக் காலத்தில் டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி, கம்மோடு ஆட்டக்காரர் படம் போட்ட கார்டுகளையும் வைத்து விற்றது. ஐந்து சென்ட்டுக்கு ஒரு பொட்டலம். யார் படம் வரும் என்பது பிரித்தால்தான் தெரியும்.

1952இல் வந்த வரிசைதான் பெரிய புகழ் பெற்றது. மொத்தம் 407 கார்டுகள். சை பெர்கர் என்ற ஊழியர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்தே அதை உருவாக்கினாராம். கடைசிப் பகுதி கடைக்கு வந்தபோது சீசன் முடியும் நேரம், யாரும் வாங்கவில்லை. கிடங்கில் தேங்கியதை 1960இல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாகப் பெர்கரே சொல்லியிருக்கிறார். நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்ட்டிலின் கார்டு அந்தப் பகுதியில்தான் இருந்தது. அதில் ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அப்போதைய மதிப்பில் நம் பணத்தில் ஏறக்குறைய 100 கோடி ரூபாய்!

ஆனால் எனக்குப் பிடித்தது அந்த வரிசையின் முதல் கார்டு, ஆண்டி பாஃப்கோ என்ற ஆட்டக்காரருடையது. பிள்ளைகள் எண் வரிசைப்படி அடுக்கி ரப்பர் பேண்டு போடுவார்கள். மேலே இருந்த பாஃப்கோதான் கிழிசல், கசங்கல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அதனால் அவர் கார்டு நல்ல நிலையில் கிடைப்பது அபூர்வம்.

பெரியவரிடம் இருப்பவை 1955ஆம் வருடத்தவை. ஜாக்கி ராபின்சன் இருக்கிறார். கறுப்பினத்தவரைச் சேர்க்காத நிறத்தடையை 1947இல் உடைத்து, பேஸ்பாலின் உச்சப் போட்டியான பெரிய லீக்கில் இறங்கிய கறுப்பின வீரர். புரூக்ளினிலேயே பிறந்த, பந்து வீச்சில் பேர் பெற்ற சாண்டி கோஃபாக்ஸின் முதல் கார்டும் இருக்கிறது, முனை மழுங்கி. சைக்கிள் சக்கரத்தில் படபடவென்று சத்தம் வர, பெரியவர் சின்ன வயதில் அந்தக் கார்டைத் துணி கிளிப் போட்டுச் செருகி ஓட்டினாராம். அந்த 1955இல்தான் அவர்கள் ஊர் அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸ், யாங்கீஸை வென்று வேர்ல்டு சீரிஸ் என்ற பேஸ்பால் சாம்பியன் பட்டம் எடுத்தது. 1957 சீசன் முடிந்ததும் அணியையே லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதைச் சொல்லும்போது இன்னும் அவர் குரல் கம்முகிறது. விற்றால் நல்ல விலை வரும், விற்க மாட்டார். அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

அவருடைய நண்பர்கள் பலரின் கார்டுகளை, வீட்டை ஒழிக்கும்போது அம்மாக்கள் குப்பையில் போட்டுவிட்டார்களாம். அப்பா, நீங்கள் சேர்த்த தீப்பெட்டிப் படங்கள் பரணில் இருக்கும் அல்லவா? பொங்கலுக்கு வீடு ஒழிக்கையில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது ஒவ்வொன்றாக நீங்கள் காட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன்.

உங்கள் அன்பு மகன்,
செந்தில்