முதியோர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்: குடும்பத்து வருத்தங்களை எழுதி வைப்போம்

யாழ்ப்பாண மாவட்ட முதியோர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் ஒருத்தியாகத்தான் எழுதுகிறேன். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். இப்போது ஊர்ச் சங்கத்தில் சந்தா கட்டும் சாதாரண உறுப்பினர். கேட்கப்போவது ஒன்றுதான். அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தன் குடும்பத்து வருத்தங்களை, அதாவது குடும்பத்தில் வந்த நோய்களை, ஒரு தாளில் எழுதத் தொடங்கட்டும்.

பரம்பரை வருத்தம் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது இரண்டே வழி: மறைப்பது, அல்லது தலையிலடித்துக்கொண்டு இருப்பது. பேத்திக்குக் கலியாணம் பேசும்போது "எங்கட பக்கத்தில ஒருதருக்கும் ஒண்டுமில்லை". பிறகு மாப்பிள்ளைக்குச் சீனி கூடினால் "அது அவையின்ர பரம்பரை, என்ன செய்யிறது". இரண்டாவது பேச்சுத்தான் எனக்குக் கூடுதல் கோபம் தருவது. 1870க்கும் 1900க்கும் இடையில் பிறந்த டென்மார்க் இரட்டையர்களை வைத்து 1996இல் வெளியான ஆய்வு, ஆளுக்காள் ஆயுள் வேறுபடுவதில் ஏறக்குறையக் கால்பங்குக்குத்தான் பரம்பரை காரணம் என்று கணித்தது. மிச்சத்தில் சாப்பாடு, வேலை, தொற்று, விபத்து எல்லாம் இருக்கிறது.

அறளை பெயர்வதையே, அதாவது வயதுபோனபின் வரும் மறதி நோயையே, எடுங்கள். அபோ-ஈ என்ற பரம்பரையலகின் (ஜீனின்) நான்காம் வடிவத்துக்கும், மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் நோய்க்கும் உள்ள தொடர்பு 1993இல் தெரியவந்தது. அந்த வடிவம் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒன்று வந்தால் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு. இருவரிடமிருந்தும் வந்தால் எட்டு மடங்குக்கும் மேல் என்று ஐரோப்பியரிடையே செய்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் அதைச் சுமந்துகொண்டே கடைசிவரை தெளிவாக இருந்தவர்களும் உண்டு, அது இல்லாமலே அறளை பெயர்ந்தவர்களும் உண்டு. மறதி நோய்களில் 45 வீதம் வரை மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புபட்டவை என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் எழுதியது. காது கேளாமை அதில் ஒன்று. காதுக் கருவியை வாங்கி அலுமாரிக்குள் வைத்திருக்கும் ஆண்கள் இதைத் திரும்ப ஒருமுறை வாசிக்கவும்.

இப்படியான குறைகளை இயற்கை ஏன் களையாமல் விட்டது? பத்து வயதில் கொல்லும் குறை, பிள்ளை பெறமுன்னம் ஆளோடு போய்விடும். 65 வயதில் தலைகாட்டும் குறை, அதற்குள் பேரப்பிள்ளை வரை போய்ச் சேர்ந்துவிடும். உயிரியலாளர் பீற்றர் மெடவார் 1952இல் தந்த விளக்கம் இது. வகுப்பில் சொல்லும்போது பெடியள் சிரிப்பார்கள். இப்போது என் முழங்கால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

எங்கள் நிலத்துக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. 1995 இடப்பெயர்வில் வீட்டோடு கிளினிக் கொப்பிகளும் போயின. அதைவிடப் பெரிய இழப்பு, ஒரு தலைமுறையில் கனபேர் முதுமையைக் காணவேயில்லை. 38 வயதில் ஷெல் விழுந்து செத்த சித்தப்பாவின் இதயம் 60இல் எப்படி இருந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவருக்கு நேரே "வருத்தம் இல்லை" என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. "வயது வரமுன்னம் போய்விட்டார்" என்று எழுதுங்கள். அப்படிப்பட்ட குடும்பங்களில் தப்பியிருந்து வயதுபோன பெரியம்மா, மாமிமாரின் உடம்புதான் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருக்கும் தடயம்.

அந்தத் தடயம் எப்படி உதவும் என்றும் சொல்கிறேன். கனடாவில், ஸ்காபறோவில் இருக்கும் என் பெறாமகளிடம் அங்குள்ள வைத்தியர், அப்பாவுக்கு முதல் மாரடைப்பு எத்தனை வயதில் வந்தது என்று கேட்டிருக்கிறார். அவள் தாய்க்கு, அதாவது என் அக்காவுக்கு, போன் எடுத்தாள். அக்காவுக்கு வருசம் ஞாபகமில்லை. "சின்னவள் சாமத்தியப்பட்டு அடுத்த மாசம்" என்றா. அதிலிருந்து எண்ணிப் பார்த்தால் அத்தானுக்கு அப்போது 52. தகப்பனுக்கோ சகோதரனுக்கோ 55க்கு முன்னமும், தாய்க்கோ சகோதரிக்கோ 65க்கு முன்னமும் இதய நோய் வந்திருந்தால் வைத்தியர்கள் அதைத் தனியாகக் கவனிப்பார்கள். பெறாமகளின் கொலஸ்ட்ரோலை அந்த வைத்தியர் அதற்குப் பிறகு வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்.

ஆகவே தாளில் வருத்தத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. எத்தனை வயதில் வந்தது என்பதையும் எழுதுங்கள். சீனி, பிரஷர், மாரடைப்பு, பாரிசவாதம், கண்ணழுத்தம், புற்றுநோய், அறளை, எல்லாவற்றையும். தாயோ தகப்பனோ இடுப்பெலும்பு முறிந்தவரா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். எலும்பு முறிவு அபாயத்தைக் கணிக்க வைத்தியர்கள் பாவிக்கும் கருவியில் அந்தக் கேள்வி இருக்கிறது. இடுப்பு முறிந்து கட்டிலோடு கிடப்பது என்னவென்று எங்கள் வயதுக்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"கனடாவில துப்பலை எடுத்து அனுப்பினால் எல்லாம் சொல்லுறாங்களாம், பிறகேன் தாள்?" என்று யாரும் கேட்கலாம். அந்தப் பரம்பரையலகுச் சோதனைகளுக்கு அடிப்படையான பெரிய ஆய்வுகளில் பங்குபற்றியோர் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். அதனால் எங்களுக்கு அந்தக் கணிப்பு அவ்வளவு பொருந்தாது. நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. இதயத்தசைப் புரதமொன்றின் பரம்பரையலகில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரளவில் உண்டு என்று 2009இல் ஐதராபாத் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இதயம் பலவீனமடைவதோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். பலரில் அது தனியே பெரிய தீங்கு செய்வதில்லை என்று பின்னர் தெரியவந்தது. ஒரு சோதனை முடிவைப் பார்த்துப் பயப்படுவதைவிட, மாமாவும் பெரியப்பாவும் எப்படிப் போனார்கள் என்று வைத்தியரிடம் சொல்வது எங்களுக்கு இன்றைக்கு உதவும்.

கலியாணப் பயம் உங்கள் மனதில் ஓடுவது தெரியும். அதற்கு ஒரு நிபந்தனை வைப்போம். சங்கம் வெற்றுப் படிவத்தை மட்டும் அடித்துக் கொடுக்கட்டும். நிரப்பிய தாளைச் சங்கம் வாங்கவும் கூடாது, பார்க்கவும் கூடாது. ஒரு பிரதி வீட்டில் காணி உறுதியோடு இருக்கட்டும். இன்னொன்றைப் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கண் தெரியாதவர்களுக்கு ஏ.எல். படிக்கும் பேரப்பிள்ளை எழுதிக் கொடுக்கலாம்.

படிவத்தின் மாதிரியை நான் எழுதி எங்கள் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். கல்விச் சுற்றுலாவுக்கு பஸ் பிடிக்கும் விடயத்துக்கு முன்னதாக இதை நிகழ்ச்சி நிரலில் போடும்படி மற்றச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருவர்,
கோப்பாய்.