குதிரை வளர்ப்பும் கொறங்காடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். மார்வாரி, கத்தியவாரி குதிரைகளின் உயரமும் நிறமும் விலையும் விரிவாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் வாங்கிப் போகும் குதிரை அடுத்த ஆடி வரைக்கும் எதைத் தின்று, எங்கே நிற்கப் போகிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அண்மைக் காலமாக எங்கள் தாராபுரம், மூலனூர்ப் பக்கம் குதிரை வாங்கும் இளைஞர்கள் பலர், இயற்கை முறையில் வளர்ப்பதாகப் பெருமையுடன் சொல்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அருகில் போய்ப் பார்த்தால், குடற்புழுவுக்கு வேப்பங்கொழுந்து உருண்டை, வயிற்று உப்புசத்துக்குப் பெருங்காயம், காயத்துக்கு மஞ்சள் என்று மருந்துப் பட்டியல் மட்டுமே இயற்கையாக இருக்கிறது. குதிரையோ சிமெண்ட் தளத்தில், குட்டைக் கயிற்றில், காலையில் ஒரு வாளி மாலையில் ஒரு வாளி தீவனத்துக்காக நாளெல்லாம் காத்து நிற்கிறது. மருந்தை மாற்றிவிட்டு வாழ்க்கையை அப்படியே விட்டுவிடுவதை இயற்கை வளர்ப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

குதிரை அசைபோடும் பிராணி அன்று. அதன் இரைப்பை உடலைப் பார்க்க மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் இரவும் பகலும் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். எனவேதான் திறந்த வெளியில் விட்டால் அது ஒரு நாளில் பாதிக்கும் மேற்பட்ட நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதிலேயே கழிக்கிறது. வெறும் வயிற்றோடு மணிக்கணக்கில் கட்டிப்போட்டால் இரைப்பையில் புண் வருகிறது. மாவுச்சத்து மிகுந்த தானியத்தை ஒரே வேளையில் அள்ளிப் போட்டால், சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, உயிரைப் பறிக்கும் வயிற்றுவலியையும் குளம்புக்குள் அழற்சியையும் உண்டாக்குகிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது என்பதால், மாடு தாங்கும் தவறைக் குதிரை தாங்குவதில்லை.

இதற்கான ஏற்பாடு நம் மண்ணிலேயே இருக்கிறது. கிளுவை வேலி அடைத்து, வெள்வேல மரங்களை நிழலுக்கும் காய்க்கும் விட்டு, கொழுக்கட்டைப் புல்லை மேய்ச்சலுக்கு வளர்த்த காங்கயம் பகுதியின் கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்கள், மழை குறைந்த நிலத்தில் மருந்தும் உரமும் இன்றி மாட்டையும் ஆட்டையும் தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்தவை. குதிரைக்கும் அவை பொருந்தும்: நடந்து மேய இடம், கால் ஊன்றக் காய்ந்த மண், வேலியடைத்த ஒரு மேய்ச்சல் பட்டி ஓய்வெடுக்கும்போது மாற்றி விட இன்னொரு பட்டி. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கொழுக்கட்டைப் புல்லிலும், இப்போது பால்மாட்டுக்காக எல்லாரும் போடும் நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் ஆக்சலேட் என்னும் உப்பு மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். அதையே மாதக்கணக்கில் தின்னும் குதிரைக்கு முக எலும்பு வீங்கி, நடை நொண்டும். தவிட்டை அள்ளி வைத்தாலும் இதே கேடுதான் வரும். சுண்ணாம்புச் சத்து நிறைந்த குதிரைமசால் என்னும் தீவனப் பயிரை ஒரு பாத்தியாவது போட்டு, தினமும் ஒரு பங்கு கலந்து கொடுப்பது நல்லது. கொள்ளு நம் மானாவாரிக் காட்டுப் பயிர்தான். ஊறவைத்தோ வேகவைத்தோ அளவாகக் கொடுத்தால் போதும், அதுவே முழு உணவாகிவிடக் கூடாது.

பல்லடம், நாமக்கல் வட்டாரங்களில் இருப்பவர்களுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். கோழித் தீவனத்தில் இரத்தக் கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளில், கோழி தாங்கும் அளவில் மிகச் சிறு பங்கே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துவிடும், முறிமருந்து கிடையாது. பண்ணையில் மிஞ்சிய தீவன மூட்டையைக் குதிரைக் கொட்டகையில் இறக்கி வைக்கவே கூடாது. அதேபோல, செடியில் விளைந்தது எல்லாம் நல்லது என்று நினைப்பவர்கள், பூவுக்காகத் தோட்டத்து ஓரத்தில் வைத்திருக்கும் அரளியைக் குதிரை எட்டும் தூரத்தில் விடாதிருக்க வேண்டும். ஒரு கைப்பிடி இலையே அதற்கு எமன்.

குடற்புழு விஷயத்தில் வேப்பிலைக்காரர்களும், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கண்ணை மூடிக்கொண்டு குடற்புழு மருந்து ஊற்றுபவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்; இரு தரப்பாரும் லத்தியை, அதாவது குதிரைச் சாணத்தைப், பார்ப்பதில்லை. காலையில் போட்ட லத்தி உருண்டையை விரலால் பிட்டுப் பார்த்தால், கொள்ளு முழுசாக வந்திருக்கிறதா, அப்படியானால் பல்லில் கூர் ஏறியிருக்கிறதா, மண் கலந்திருக்கிறதா, சளி பூசியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அதில் ஒரு துண்டை ஆய்வகத்தில் கொடுத்தால் புழு முட்டைகளை எண்ணிச் சொல்வார்கள். ஒரு கிராமுக்கு 200 முட்டைக்கும் குறைவாக இருக்கும் வளர்ந்த குதிரைக்குப் பெரும்பாலும் மருந்து வேண்டியதில்லை. தேவையில்லாமல் கொடுத்துக் கொடுத்துத்தான் மருந்துக்கு அடங்காத புழுக்கள் உலகெங்கும் பெருகிவிட்டன. வாரத்துக்கு இரண்டு முறை மேய்ச்சல் காட்டிலிருந்து லத்தியை வாரிக் குப்பைக் குழியில் போட்டு மட்கவிடுவதும், குதிரை மேய்ந்த பட்டியில் அடுத்து மாட்டை விடுவதும் எந்தக் கஷாயத்தையும் விடப் பலன் தருபவை. குதிரைப் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டு வயிற்றில் பிழைப்பதில்லை.

தடுப்பூசி வேண்டாம் என்பாரிடம் மட்டும் எனக்கு இணக்கம் இல்லை. இரணஜன்னி (டெட்டனஸ்) குதிரையை மிக எளிதில் தாக்கும். குளம்பில் ஆணி ஏறிய ஒரு சிறு துளையே அதற்குப் போதும், அந்தத் துளையில் சாணியை அப்புவது நோயை நாமே உள்ளே வைத்து மூடுவதாகும். தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் மரபுசார் மூலிகை மருத்துவ ஆய்வின் பயனை நான் மதிக்கிறேன். ஆனால் மாட்டு மடிநோய்க்குச் சொன்ன கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அளவைக் குதிரைக்குத் தாமாகவே பெருக்கிக் கொள்ள வேண்டியதில்லை.

அடுத்த ஆடிச் சந்தையில் கால்நடை பராமரிப்புத் துறை ஒரு நுண்ணோக்கியோடு லத்திப் பரிசோதனைக் கூடாரம் ஒன்றைப் போட வேண்டும்; நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்களை அதில் அமர்த்தலாம். குதிரை வாங்குபவரிடம் அது இதுவரை என்ன தின்று வந்தது, கடைசியாக எப்போது இரணஜன்னி ஊசி போடப்பட்டது, குளம்பு எப்போது சீவப்பட்டது என்பதை எழுதிய ஒரு சீட்டை விற்பவர் கொடுக்கும்படி சந்தைப் பொறுப்பாளர்கள் கட்டாயமாக்க வேண்டும். தீவனத்தை ஒரே நாளில் மாற்றுவதால் வரும் வயிற்றுவலியில் பாதி, அந்தச் சீட்டிலேயே நின்றுவிடும்.

இங்ஙனம்,
குதிரை வளர்க்கும் விவசாயி ஒருவர்,
தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.