ஒரு புகைப்படம் முழு முகம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரே ஒரு புகைப்படம் கையில் இருந்தால் யாருடைய முகத்தையும் கணினியில் முப்பரிமாணத்தில் அச்சு அசலாக வடித்துவிடலாம் என்று தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. டிஜிட்டல் சிற்பம் வடிப்பதுதான் என் தொழில். எங்கள் வேலையைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் குறைவு என்பதால் ஆசையோடுதான் படித்தேன். ஆனால் அந்தக் கூற்றை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அதை நம்பி எங்களிடம் வருபவர்களில் பலர், இறந்துபோன தாயின் அல்லது தந்தையின் ஒற்றைப் படத்தைத் தவிர வேறெதுவும் இல்லாதவர்கள்.

புகைப்படம் என்பது ஓர் இடத்தில் நின்று பார்த்த பார்வை. உயரமும் அகலமும் அதில் பதிகின்றன, ஆழம் பதிவதில்லை. அந்த உயர அகலங்கள்கூடக் கேமரா எவ்வளவு தள்ளி இருந்தது என்பதைப் பொறுத்து மாறும். முகத்தை மாற்றிக் காட்டுவது லென்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மாற்றுவது தூரம். நின்ற இடத்தில் நின்றபடி லென்ஸை மட்டும் மாற்றினால் முகம் சட்டத்துக்குள் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும், அவ்வளவுதான். நெருங்கிப் போனால் மூக்கு புடைக்கும், காதுகள் கன்னத்துக்குப் பின்னால் ஒதுங்கும். 12 அங்குலத்தில் எடுத்த செல்பியில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தோன்றுகிறது என்றும், 5 அடி தள்ளி எடுத்தால் அந்த மாற்றம் அநேகமாக இல்லாமல் போகிறது என்றும் 2018-இல் ‘ஜாமா ஃபேஷியல் பிளாஸ்டிக் சர்ஜரி’ என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது.

ஆகவே ஒரு படம் வந்தால் நாங்கள் முதலில் தேடுவது மூக்கையோ கண்ணையோ அல்ல, கேமரா இருந்த இடத்தை. காது மடல் எவ்வளவு தெரிகிறது, தாடையின் அடிப்பகுதி தெரிகிறதா என்று பார்த்து, மென்பொருளுக்குள் இருக்கும் மெய்நிகர் கேமராவை அதே தூரத்தில் நிறுத்த வேண்டும். டிஜிட்டல் கேமராவில் எடுத்த மூலக் கோப்பாக இருந்தால் லென்ஸ் எவ்வளவு பெரிதாக்கிக் காட்டியது என்பதைச் சொல்லும் குவியத் தொலைவு அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். தூரத்தைக் கணக்கிட அது பெரிய உதவி. அதே படத்தைச் செய்திச் செயலி வழியே அனுப்பினால் அந்த விவரம் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. கேமராவைத் தவறான தூரத்தில் நிறுத்திவிட்டுப் படத்தோடு கோட்டுக்குக் கோடு பொருத்தினால் என்ன ஆகும்? செல்பி பெரிதாக்கிக் காட்டிய மூக்கு, சிற்பத்தில் நிஜமாகவே பெரிய மூக்காகிவிடும். நேரே பார்க்கும்போது குறை தெரியாது. தலையைச் சற்றுத் திருப்பினால் யாரோ ஒருவர் நிற்பார்.

கண் ஒன்றை வடிப்பதைச் சொல்கிறேன். வளர்ந்தவர்களின் கண் கோளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. கருவிழி ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் இவை அதிகம் வேறுபடுவதில்லை என்பது எங்களுக்குப் பெரும் வரம். படத்தில் கருவிழி 60 பிக்சல் அகலம் என்றால், கண் இருக்கும் தளத்தில் 5 பிக்சல் ஒரு மில்லிமீட்டர். அளவுகோல் இல்லாத படத்துக்கு அளவுகோல் கிடைத்துவிட்டது. பிறகு கோளத்தை அதன் இடத்தில் பதித்து, அதன்மேல் இமைகளைப் போர்த்த வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் இமையைக் காகிதம்போல மெல்லியதாக விட்டுவிடுகிறார்கள். இமை விளிம்புக்குத் தடிமன் உண்டு. அந்த விளிம்பில் ஒரு மெல்லிய ஈரக்கோடு ஒளிரும். மேலிமை கருவிழியின் உச்சியைச் சற்று மறைக்கும். இந்த ஈரக்கோட்டை விட்டுவிட்டால், மற்ற அளவுகள் எல்லாம் சரியாக இருந்தாலும் பார்வையில் உயிர் இருக்காது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் தன் தந்தையின் பாஸ்போர்ட் அளவுப் படத்தை அனுப்பியிருந்தார். ஃபிளாஷ் நேராக முகத்தில் அடித்து எடுத்தது. நிழல் என்பதே இல்லை. படத்தோடு நன்றாகப் பொருந்திய தலை ஒன்று தயாராகிவிட்டது. ஆனாலும் பக்கவாட்டுப் படம் எதுவும் கிடைக்காதா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவருடைய சித்தப்பாவிடமிருந்து பழைய குழுப் புகைப்படம் ஒன்று வந்து சேர்ந்தது. அதில் அந்தத் தந்தை கேமராவைப் பார்க்காமல் அருகில் நிற்பவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். முகம் நகத்தளவுதான், மங்கலும்கூட. ஆனால் மூக்குத் தண்டின் நடுவில் ஒரு சிறு மேடும், சற்று உள்வாங்கிய மோவாயும் தெளிவாகத் தெரிந்தன. பாஸ்போர்ட் படத்தில் இவை இரண்டுமே இல்லை. மேட்டை உயர்த்தினேன், மோவாயைப் பின்னுக்குத் தள்ளினேன். முன்பக்கத் தோற்றத்தில் கிட்டத்தட்ட எதுவும் மாறவில்லை. பக்கவாட்டில் திருப்பிக் காட்டியபோது அந்தப் பெண், “இதுதான் அப்பா” என்றார்.

ஆழத்தை மாற்றியும் முன்பக்கத் தோற்றம் மாறாதது வியப்புக்குரியது அல்ல. சுவரில் அதிகம் ஆழமில்லாமல் செதுக்கிய புடைப்புச் சிற்பம் நேரே நின்று பார்த்தால் முழு உருவமாகத் தெரிகிறது அல்லவா? ஆழத்தைக் குறைத்து, அதற்கு ஏற்ப ஒளியின் திசையையும் மாற்றினால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, முன்பக்கப் படம் சற்றும் மாறாது என்பதை 1990-களிலேயே கணித முறையில் நிறுவிவிட்டார்கள்.

நிறமும் ஏமாற்றும். கண்ணுக்குக் கீழே தெரியும் கருமை பள்ளத்தின் நிழலா, தோலின் நிறமா? நிறத்தைப் பள்ளம் என்று எண்ணித் தோண்டினால் பத்து வயது கூடிவிடும். கருமையான தோலில் நிழலைவிட மினுக்கமே வடிவத்தைத் தெளிவாகக் காட்டும். நெற்றியிலும் கன்ன எலும்பின் மேலும் ஒளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துத்தான் செதுக்க வேண்டும்.

புகைப்படத்தைக் கொடுத்ததும் தானாகவே தலையை உருவாக்கித் தரும் மென்பொருள்களைக் கட்டுரை பெரிதும் பாராட்டியது. அவை அருமையான கண்டுபிடிப்புகள், மறுக்கவில்லை. ஆனால் அவை தெரியாத பக்கத்தை எதைக் கொண்டு நிரப்புகின்றன? இத்துறையில் பெரும் திருப்பமாக அமைந்த, 1999-இல் பிளான்ஸ், வெட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட முறை, லேசர் கொண்டு அளந்த 200 தலைகளை அடிப்படையாகக் கொண்டது. இன்றைய செயற்கை நுண்ணறிவு எத்தனையோ மடங்கு அதிகமான முகங்களைப் பார்த்திருக்கிறது. என்றாலும், படத்தில் இல்லாததை மற்றவர்களின் முகங்களிலிருந்து ஊகித்தே தருகிறது. அந்தத் தந்தையின் மூக்கு மேடு எவருடைய சராசரியிலும் கிடைக்காது. 2008-இல் உலகமே வியந்து பார்த்த, ஒரு நடிகையின் முகத்தைக் கணினியில் வடித்த ‘டிஜிட்டல் எமிலி’கூட ஒற்றைப் படத்திலிருந்து பிறந்ததல்ல. அந்த நடிகையைச் சுற்றிலும் விளக்குகள் பொருத்திய ஒளிக்கூண்டுக்குள் அமரவைத்து, ஒளியை மாற்றி மாற்றி, பல முகபாவங்களில் அளந்து செய்தது.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப் பெரியவர்களை நேராக மட்டும் படம் எடுக்காதீர்கள். ஆறேழு அடி தள்ளி நின்று, சன்னல் வெளிச்சத்தில், இரு பக்கவாட்டிலிருந்தும், முகத்தைப் பாதி திருப்பிய முக்கால் பக்கமாகவும் எடுங்கள். சிரிக்கும்போதும் சும்மா இருக்கும்போதும் எடுங்கள். தோலை வழவழப்பாக்கும் அழகூட்டி வசதியை அணைத்துவிடுங்கள். அது அழிப்பது அவர்களுடைய முகத்தையே. செல்பி கேமராக்கள் சில, படத்தை இடவலமாகப் புரட்டிச் சேமிக்கின்றன. மச்சம் எந்தக் கன்னத்தில் என்பதைக்கூட அதை வைத்துச் சொல்ல முடியாது. மூலக் கோப்பைச் சுருக்காமல் வையுங்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இப்படி வடித்த முகங்களை இனி வெளியிடும்போது, மூலப் புகைப்படத்தையும் சிற்பத்தின் பக்கவாட்டுத் தோற்றத்தையும் அருகருகே அச்சிடுங்கள். எது படத்தில் இருந்தது, எது கலைஞரோ கணினியோ ஊகித்தது என்பதைப் படக்குறிப்பில் ஒரு வரியில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டிஜிட்டல் சிற்பக் கலைஞர் ஒருவர்