குடியை விட்ட பிறகு கூட நின்றவர்களுக்கு

பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலும் பீன்யாவிலும் இருக்கும் நம் மக்களுக்கு வணக்கம்.

இதை எழுதலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எழுது. ஆனா யார் பேரும் வேண்டாம், என் பேரும் வேண்டாம்" என்றார். அவர் போகும் ஏஏ மீட்டிங்கில் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடுவது) அதுதான் வழக்கம். அதனால் பெயர் சொல்லாமல்தான் நன்றி சொல்கிறேன். படிக்கிறபோது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் மாடி வீட்டு நர்ஸ் அக்காவுக்கு. குடியை விடுகிறேன் என்று இவர் சொன்ன அன்று, "ரூமில் போட்டுப் பூட்டு, மூணு நாளில் தெளிஞ்சிடும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அக்கா மட்டும் படி இறங்கி வந்து, இவரை இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். விரல்கள் நிற்காமல் ஆடின. காலை வேளையிலேயே கழுத்தெல்லாம் வேர்வை. "வருஷக்கணக்கா தினமும் குடிச்ச உடம்பு இது. சட்டுன்னு நிறுத்தினா முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். அப்புறம் ஆள் அடையாளம் தெரியாம உளறல் வரலாம். உயிருக்கே ஆபத்து, கிளம்பு" என்றார். நைட் டியூட்டி முடித்து வந்தவர், தூங்காமல் எங்களோடு ஆட்டோவில் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு வந்தார். அக்கா, அன்றைய ஆட்டோ காசைக்கூட நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

நிம்ஹான்ஸில் இந்த நோய்க்கென்றே தனி மையம் இருக்கிறது. அங்கே பார்த்த டாக்டரம்மாவுக்கு நன்றி. நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் குறைத்தார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போட்டார்கள். சோறு இறங்காமல் குடிக்கிறவர்களுக்கு அந்தச் சத்து வற்றி, மூளை பாதித்து, ஞாபகமே போய்விடுமாம். இதெல்லாம் அவர்கள் வேலை என்று வைத்துக்கொள்ளலாம். நான் மறக்காதது வேறு ஒன்று. சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்லி எங்கள் நாத்தனார் ஒரு மாத்திரைப் பெயரை எழுதி அனுப்பியிருந்தார், டைசல்ஃபிராம் என்று. சீட்டைப் பார்த்து டாக்டரம்மா கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். அதைச் சாப்பிட்டவர் குடித்தால், மது உடம்பில் உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு வெளியேறாமல் தேங்கிவிடும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், சிலருக்கு ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த ஆபத்து இருக்கும். விஷயம் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவருக்குத்தான் அது மருந்து. இவருக்கு ஈரல் கொஞ்சம் அடி வாங்கியிருந்ததால் குடிக்கும் ஆசையைக் குறைக்கும் அக்காம்ப்ரோசேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "சர்க்கரை மாதிரி நினைச்சுக்குங்க. கட்டுப்பாட்டுல வைக்கலாம், தீர்ந்துபோச்சுன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது" என்றார்.

அங்கேயே கவுன்சலிங் கொடுத்த தம்பிக்கு அடுத்த நன்றி. எப்போது குடிக்க ஆரம்பித்தீர்கள், ஏன் ஆரம்பித்தீர்கள் என்று குடைவார் என நினைத்தேன். அவரோ ஒரு வாரத்தை எழுதச் சொன்னார். எத்தனை மணிக்குப் பட்டறை விடுகிறது, எந்த வழியாக நடக்கிறார், பட்டுவாடா என்றைக்கு. சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு, வழியில் எம்ஆர்பி மதுக்கடை, கூட நாலு பேர். தாளில் அந்த இடத்தில் அவர் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார், அவ்வளவுதான். அன்றிலிருந்து சம்பளம் வங்கிக் கணக்குக்குப் போகிறது, இவர் மெட்ரோவில் வருகிறார். ஆசை எழுந்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கிவிடும், அதுவரை கைக்கு வேலை வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அந்த வேலை பூண்டு உரிப்பது. டப்பா நிறைய உரித்த பூண்டு இருந்தால், அந்த வாரம் அவருக்கு எப்படிப் போனது என்று நான் கேட்க வேண்டியதில்லை. பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலும் சேராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பசிதான் எங்களுக்குச் சுலபமாக இருந்தது. இவர் ஷிப்ட் முடிந்து வரும்போது வீட்டில் இட்லி மாவு கட்டாயம் இருக்கும்.

பட்டறை முதலாளி ஐயாவுக்கும் சொல்ல வேண்டும். பீன்யாவில் ஆயுத பூஜை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். காலையில் லேத் மிஷினுக்கு வாழைக்கன்றும் பூசணிக்காயும், சாயங்காலம் பாட்டில். ஐயா இவரைத்தான் பூசணிக்காய் உடைக்கச் சொன்னார். உடைத்த கையோடு பொரி, சுண்டல், இனிப்புப் பொட்டலம் கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஏன் சீக்கிரம் போகிறார் என்று யாரும் கேட்காத மாதிரி அதைச் செய்தார். அதே பட்டறையில் பக்கத்து மிஷினில் நிற்கும் அண்ணா, நீங்கள் இன்றும் குடிக்கிறீர்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு நாளும் "ஒரு கட்டிங் போட்டா என்ன ஆயிடும்" என்று இவரிடம் கேட்டதில்லை. கேட்க வந்த இன்னொருவரையும் நீங்கள்தான் தடுத்தீர்களாம். புத்தி சொன்ன நூறு பேரைவிட உங்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

திருவண்ணாமலையில் சித்தப்பா இறந்த சாவுக்குப் போனபோது இவர் குடித்துவிட்டார். பறையடிக்கிற இடத்தில் பாட்டில் சுற்றி வந்திருக்கிறது. அன்று இரவே ஏஏ நண்பருக்கு இவராகவே போன் போட்டார். அவர் காலை பஸ் பிடித்து ஊருக்கே வந்துவிட்டார். திட்டவில்லை, உபதேசமும் இல்லை. "ஸ்லிப் ஆயிடுச்சு. ஒரு ராத்திரியை ஒரு மாசமா ஆக்காம இருக்கணும், அதுதான் இப்ப வேலை" என்றார். இருவரும் டீ குடித்தார்கள், அடுத்த பஸ்ஸில் பெங்களூர் வந்து நேராக டாக்டரைப் பார்த்தார்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் குடியால் நொந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தொடங்கியதாம் இந்த ஏஏ. குடித்தவன் பாடு இன்னொரு குடித்தவனுக்குத்தான் புரியும் என்பதே அதன் அஸ்திவாரம். காசு கிடையாது, கையெழுத்து கிடையாது. அந்த ஏஏ நண்பரின் வீட்டம்மா என்னை அல்-அனானுக்கு அழைத்துப் போனார், குடிக்கிறவர்களின் வீட்டாருக்கான மீட்டிங் அது. இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் போய் வாயை மோந்து பார்ப்பேன். "அவர் குடிக்காம இருக்கறது அவர் வேலை. நீ சாப்ட்டியா, தூங்கினியா, அதைப் பார்" என்று அங்கே இருந்த பெரியம்மா ஒருவர் சொன்னார். அவருக்கு என் வணக்கம்.

ஒரே ஒரு இடத்துக்கு நன்றி இல்லை. மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லி, மூன்று மாதம் பார்க்கவும் பேசவும் முடியாது என்று சொன்ன ஒரு 'ஹோம்'. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோய்க்கும் சேர்த்துத்தான், யாரையும் சங்கிலி போட்டுக் கட்டக் கூடாது, சித்திரவதை செய்யக் கூடாது என்று கவுன்சலிங் தம்பி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இதைப் பொதுவில் எழுதக் காரணம், 2019-இல் வந்த எய்ம்ஸ் கணக்கெடுப்பு. குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறதாம். எங்கள் தெருவிலேயே மீதி 37 பேரும் இருப்பார்கள் போலிருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது வேண்டுமென்றால் மனநல உதவிக்கு அரசின் டெலி மனாஸ் 14416, போதை மீட்புக்கு 14446, இரண்டுக்கும் காசில்லை, முதல் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கூட வர ஆள் வேண்டுமென்றால் என்னிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முடியாது, அன்றைக்கு மீட்டிங்.

இப்படிக்கு,
ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு லேத்துக்காரர் வீட்டம்மா